வலது காலுக்கு ஒரு பாதுகை

ஆபரேஷன் முடிந்து என்னை முதன்முதலாகக் கட்டிலிலிருந்து இறக்கி நிற்க வைத்தபோது, இடது காலுக்குக் கீழே யாரோ ஒரு பலகையை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். பலகை எதுவும் இல்லை, ஆஸ்பத்திரித் தரைதான். "என்ன சிஸ்டர், இந்தக் கால் மட்டும் நீளமா இருக்கு?" என்று கேட்டேன். நர்ஸ் பெண் சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க, போகப்போகச் சரியாயிடும்" என்றாள். அந்த எல்லாரும் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வார்டில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

இது நடந்தது எழுபதுகளின் நடுவில். எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் திருப்புட்குழியில், என் பிறந்தகத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடது தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. எண்ணெய் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். பெருமாளைத் தவிர வேறு தெய்வத்திடம் போகும் வழக்கம் எங்கள் அகத்தில் இல்லை. அதனால் எல்லா வேண்டுதலும் அவர் ஒருவர் தலையிலேயே விழுந்தது, அவருக்கே அலுத்துப் போயிருக்கும். எலும்பு கூடவில்லை. மூட்டின் தலைப்பகுதி ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துவிட்டது என்று சென்னையில் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். அந்தச் செத்த எலும்போடுதான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய குடும்பத்துக்கு இரண்டு வேளையும் அடுப்படியில் நின்று தளிகை பண்ணிக்கொண்டிருந்தேன்.

சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் செத்த எலும்பை எடுத்துவிட்டு எஃகுக் குண்டு ஒன்றை வைத்தார். வலி போய்விட்டது. அதை நான் மறுக்கவே மாட்டேன். வருஷக்கணக்கில் என்னைத் தூங்கவிடாத வலி, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன விருந்தாளி மாதிரி போய்விட்டது. ஆனால் கால் போகப்போகச் சரியாகவில்லை. சில மாதங்கள் கழித்து டாக்டரிடம் போனபோது, அவர் என் வலது பாதத்தின் கீழே மெல்லிய பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் சமமாகும்வரை பார்த்தார். பலகைகள் கடைசியில் என் கட்டைவிரல் கனத்துக்கு வந்து நின்றன.

"உங்க தசையெல்லாம் தளர்ந்து கிடந்ததும்மா. கொஞ்சம் நீளமா இழுத்து வெச்சாத்தான் மூட்டு கழண்டு வராம நிக்கும். வேற வழியில்ல" என்றார். "வலது கால் செருப்பை இந்த அளவுக்கு உயர்த்திப் போட்டுக்குங்க. எப்பவும் போடணும், வீட்டுக்குள்ளயும். இல்லேன்னா இடுப்பு சாஞ்சே நிக்கும், முதுகு போயிடும், வெச்ச மூட்டும் சீக்கிரமே ஆடிப்போயிடும். ரெண்டாம் தடவை மாத்தினா நடக்க வெப்பேன்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்குள்ளேயும் என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! அவர் காலில் பூட்ஸ் இருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புத் தைக்கிறவர் வலது செருப்புக்கு அடியில் டயர் ரப்பரை அடுக்கி, சிரத்தையாகத்தான் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. முறிந்த நாளிலிருந்து அப்படி நேராக நடந்ததில்லை. அடுத்த தெருவில் நெசவுக்காரர்கள் நீட்டிக் கட்டியிருந்த நூல்பாவைச் சுற்றிக்கொண்டு, வேண்டுமென்றே தூரவழியாகப் போய் வந்தேன். எல்லாம் எங்கள் வாசல் வரைக்கும்தான். வாசலில் செருப்பைக் கழற்றினேன், நொண்டியானேன்.

யோசித்துப் பார்த்தால் எங்களைப் போன்ற வீட்டுப் பெண் ஒரு நாளில் எத்தனை நேரம் செருப்போடு இருக்கிறாள்? விடியற்காலையில் ஸ்நானம் பண்ணி மடிப்புடவை கட்டியதிலிருந்து மத்தியானம் இலை எடுக்கும் வரை வெறுங்கால். பெருமாள் சந்நிதியில் வெறுங்கால். உற்சவத்தில் வீதி சுற்றினாலும் வெறுங்கால். டாக்டர் கொடுத்த வைத்தியம் வாசலிலேயே கிடந்தது, வியாதி மட்டும் என்னோடு உள்ளே வந்தது. அடுப்பங்கரையில் நின்றால் இடது காலை மடக்கிக்கொண்டு வலது காலில் நிற்பேன், அல்லது வலது குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். பத்து மணிக்கெல்லாம் முதுகுத்தண்டு எரிய ஆரம்பித்துவிடும்.

மாமியாரிடம் கேட்டேன். கெட்ட மனுஷி இல்லை அவர், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திருவல்லிக்கேணியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, எனக்காக ரசம் சாதம், எங்கள் பேச்சில் சாத்தமுது சாதம், பண்ணி, தினமும் பஸ் ஏறிக் கொண்டுவந்து ஊட்டினார். ஆஸ்பத்திரித் தீட்டு என்று திரும்பப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். அந்த வயதில் அது லேசான காரியமில்லை.

"அம்மா, டாக்டர் ஆத்துக்குள்ளேயும் செருப்பு போட்டுக்கணுங்கறார். உள்ளுக்குன்னே தனியா ஒரு ஜோடி வெச்சுக்கட்டுமா?"

"அடுப்பங்கரையிலயா?"

"தோல் வேண்டாம். ரப்பர்ல..."

"ரப்பரோ தோலோ, செருப்பு செருப்புதாண்டீ. பெருமாளுக்குத் தளிகை பண்ற எடம். வேற என்ன வேணா கேளு."

வேறு என்ன கேட்பது? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். என் கணவர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். கோஷ்டியில் அவர் குரல் நாலு வீதிக்கும் கேட்கும். வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நிற்க நேர்ந்தால் மட்டும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

இருந்தாலும் ஒரு வழி அவர்தான் சொன்னார். மரத்துக்குத் தோஷம் இல்லை. மரத்தில் ஒன்று செய்துவிட்டால் அம்மாவால் மறுக்க முடியாது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கூரத்திலிருந்து எங்கள் பக்கம் வேலைக்கு வரும் ஒரு தச்சரைக் கூட்டிவந்தார். நான் அவரிடம், "பூவேலை ஒண்ணும் வேண்டாம்பா, ஒரு பலகை, மேலே காலை நுழைச்சுக்க ஒரு நாடா, அவ்வளவுதான்" என்றேன்.

"நாடா நிக்காதும்மா. ஆணி அடிக்கணும், தோல் வார் போடணும். அதெல்லாம் உங்க ஊட்டுக்கு ஆவாது. கட்டை விரலுக்கு ஒரு குமிழ் வெச்சுத் தரேன், புடிச்சிக்கினு நடந்துடலாம்" என்றார். பாதத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போனார்.

அவர் அதைக் கொண்டுவந்து கொடுத்த காலையில் நான் கோயிலில் இருந்தேன், என் கணவரும் கோஷ்டியில் இருந்தார். "சாமி செய்யச் சொன்னாரு, முடிச்சிட்டேம்மா" என்று புதுத் துண்டில் சுற்றியதை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நொண்டிக்கொண்டு போனபோது, கூடத்தில் பக்கத்து அகத்து மாமிகள் இருவர் விழுந்து சேவித்துக்கொண்டிருந்தார்கள். பெருமாள் எழுந்தருளியிருக்கும் மாடத்தில், சாளக்கிராமத்துக்குக் கீழே, சின்னப் பட்டுத்துணியின் மேல் என் வலது காலுக்கான பலகை இருந்தது. அதன்மேல் திருத்துழாய் என்கிற துளசி சாத்தியிருந்தது.

தச்சர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பலா மரத்தில் வழவழவென்று இழைத்து, குமிழைச் சுற்றி ஒரு தாமரையும் செதுக்கிவிட்டார். பிறகு நான் சண்டை போட்டபோது, "வெறுங்கட்டையா குடுக்கக் கை வரலம்மா" என்றார். அவர் வாழ்நாளில் மரத்தில் செய்த பாதமெல்லாம் சந்நிதியில் வைத்துச் சேவிப்பதற்காகச் செய்தவை. மனுஷக் காலுக்கென்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மாமியார் என் கையைப் பிடித்து மாடத்தின் முன்னால் கூட்டிப்போனார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியாடீ? உன் ஆத்துக்காரன் வாயைத் திறக்காம எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கான் பாரு. உன் கால் சரியாகணும்னு வேண்டிண்டு பெருமாளுக்குப் பாதுகை பண்ணி வெச்சிருக்கான்."

"ஒத்தைப் பாதுகையாம்மா?" என்று ஒரு மாமி கேட்டாள். என் பக்கம் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நினைத்தேன்.

"ஒத்தைக் காலுக்கு வேண்டிண்டா ஒத்தைதானே வெப்பா?" என்றார் மாமியார். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

என் கணவர் பிரசாதத்தோடு உள்ளே நுழைந்தார். அம்மா அவர் கன்னத்தைத் தடவி, "அப்பா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பார்டா" என்றார். அவர் மாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். பிறகு விழுந்து சேவித்துவிட்டு எழுந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே அவரை என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பிறகு தனியாகக் கேட்டேன். "ஏன்னா, சொல்லியிருக்கக் கூடாதா?"

"அத்தனை பேருக்கு நடுவுல எப்படி? ரெண்டு நாள் போகட்டும். பக்குவமா சொல்றேன்."

ரெண்டு நாள் எங்கள் வீட்டில் மிக நீளமானது. அதற்குள் மாமியார் அந்தப் பலகைக்குத் தினசரித் திருமஞ்சனம் ஆரம்பித்துவிட்டார். அந்தத் தீர்த்தத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் இடது முழங்காலிலிருந்து பாதம் வரை தானே தடவிவிடுவார். "இந்தக் காலைச் சரி பண்ணிக் குடு" என்று முணுமுணுத்துக்கொண்டே தடவுவார். என் காலைச் சரி பண்ணக்கூடியது பத்தடி தூரத்தில் திருத்துழாய் வாசனையோடு உட்கார்ந்திருந்தது. அதை எட்டிப் பார்த்துக்கொண்டே நானும் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் சிரிப்பு வரும், மறுநாள் அழுகை வரும். அவர் விரல்களில் அத்தனை பிரியம் இருந்தது. அதுதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

இன்னொன்று செய்துகொள்ளலாமே என்று கணவரிடம் சொன்னேன். "இனிமே மரத்துல எதைக் கால்ல போட்டுண்டு வந்தாலும் அம்மா கண்ணுக்குப் பாதுகையாத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்று நியாயம்.

வைகாசி உற்சவத்துக்கு வீடு நிறைய மனிதர்கள் வந்தார்கள். கருட சேவைக்கு மறுநாள், சாதம் வடித்த பெரிய தவலையை இறக்கித் திரும்பினேன். இடுப்புக்குள் ஏதோ நழுவி, கடக்கென்று திரும்பவும் உட்கார்ந்தது. தவலையைக் கீழே போடவில்லை, எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ரெண்டாம் தடவை மாத்தினா நடக்க வெப்பேன்னு சொல்ல முடியாது என்ற டாக்டர் குரல் காதில் கேட்டது. கூடத்தில் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்து என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

விருந்தினர்கள் ஊருக்குப் போன மறுநாள் காலை, மாமியார் தீர்த்தக் கிண்ணத்தோடு வந்தபோது சொன்னேன்.

"அம்மா, அது வேண்டுதல் இல்லை. எனக்குப் போட்டுக்கப் பண்ணினது. டாக்டர் சொன்ன உயரத்துக்கு அளவெடுத்துப் பண்ணினது."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் கணவர் பக்கம் திரும்பி, "அப்படியாடா?" என்றார். கணவர் தலை குனிந்துகொண்டார். அது போதுமானதாக இருந்தது.

மாமியார் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி. பண்ணினப்போ என்னவா வேணா இருந்துட்டுப் போகட்டும். இப்போ பெருமாளோடது" என்றார்.

"எனக்கு வேணும்மா. அன்னிக்கு அடுப்பங்கரையில மூட்டு நழுவித்து. இன்னொரு தரம் நழுவினா நான் படுத்த படுக்கைதான்."

"திருமஞ்சனம் பண்ணி, நாலு பேர் சேவிச்சதை எப்படிடீ கால்ல போட்டுண்டு மிதிப்பே?"

"என் கால் போயிடும்மா."

"போனா நான் பாத்துக்கறேன். தூக்கிப் போட்டு எடுக்கறேன். இத்தனை நாள் பாத்துக்கலையா? அதை மட்டும் கேக்காதே."

அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். என்னை ஆயுசுக்கும் தூக்கிப் போட்டு எடுத்திருப்பார். சாதம் ஊட்டியிருப்பார், மலஜலம் எடுத்திருப்பார், ஒரு நாளும் முகம் சுளித்திருக்க மாட்டார். ஆனால் எனக்கு வேண்டியது அவருடைய பணிவிடை இல்லை. என் காலில் நான் நிற்க வேண்டும்.

நான் மாடத்துக்குப் போனேன். திருத்துழாயை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டில் வைத்தேன். பலகையை எடுத்துத் தரையில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலில் குமிழை நுழைத்தேன். கச்சிதமாக இருந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் சமமானதை உடம்பு உடனே தெரிந்துகொண்டது. கூடத்திலிருந்து அடுப்பங்கரை வரை நேராக நடந்தேன். மரம் கல்தரையில் டொக் டொக்கென்று சத்தம் போட்டது.

அன்றிலிருந்து மாமியார் நான் தளிகை பண்ணியதைச் சாப்பிடவில்லை. சண்டை போடவில்லை, ஊரில் யாரிடமும் குறை சொல்லவில்லை. பின்கட்டில் ஒரு கும்முட்டி அடுப்பை வைத்துக்கொண்டு, தனக்கும் பெருமாளுக்கும் தானே பண்ணிக்கொண்டார். என் கணவர் இரண்டு இடத்திலும் சாப்பிட்டார், இரண்டையும் நன்றாயிருக்கிறது என்றார், தொந்தி போட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். "உன் மேல கோவம் இல்லடீ. என்னால முடியலை, அவ்வளவுதான்" என்பார். என்னாலும் முடியவில்லை. அதைக் கழற்றவும் இல்லை. மறுவருஷம் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "மூட்டு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. வீட்டுல நல்லா ஒத்துழைச்சிருக்காங்க" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம்போல இருந்தார் மாமியார். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியது. ஒரு மார்கழிக் குளிரில் காய்ச்சல் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடுப்பு மூட்ட முடியாமல் போனது. கணவருக்குச் சுடுதண்ணீர் வைக்கவே தெரியாது. பிள்ளை கையால் தீர்த்தம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். நான் ஸ்நானம் பண்ணி, மடியாகக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். டொக் டொக்கென்று அறை வாசலுக்கு வந்ததும் அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது. உதடு இறுகிக்கொண்டது. பக்கத்தில் போய் ஸ்பூனை வைத்தேன், திறக்கவில்லை. மறுவேளையும் அப்படியே.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சாகிற நேரத்திலும் என்ன பிடிவாதம்! நான் ஒன்றும் தப்புப் பண்ணவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். கஞ்சிக் கிண்ணத்தோடு அடுப்பங்கரைக்குத் திரும்பி நின்றேன். பலகையைக் கழற்றிச் சுவர் ஓரமாகத் தள்ளினேன். வெறுங்காலோடு கூடத்தைக் கடந்து போனேன். நேராக நடந்து பழகிவிட்ட இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் சுளீர் சுளீரென்று இழுத்தது. ஒரு கால் அழுந்த, ஒரு கால் தேய, பழைய நொண்டல் சத்தத்தோடு அறைக்குள் நுழைந்தேன். அவர் கண்ணுக்கு என் கால் தெரிந்திருக்காது. காது கேட்டது. சுவர்ப் பக்கமிருந்த முகம் மெல்லத் திரும்பியது. நான் உட்கார்ந்து ஸ்பூனை நீட்டியதும் வாயைத் திறந்தார்.

கிண்ணம் முழுவதையும் சாப்பிட்டார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "வலிக்கறதாடீ?" என்று கேட்டார்.

"வலிக்கறதும்மா" என்றேன்.

தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கையை விடவில்லை. போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை. அவர் போகும்வரை ஒவ்வொரு வேளையும் நொண்டிக்கொண்டேதான் போய் ஊட்டினேன்.